பாலக்காட்டு முழவும் ஆசான் கடனும்

வடநாட்டில் தபலா வாசிக்கும் கலைஞர் ஒருவர் தம் ஆசானின் பெயரைச் சொல்ல நேர்ந்தால், சொல்லும்போதே தம் காது மடலைத் தொட்டுக்கொள்வார். அப்பெயரை எடுத்துரைக்கும் தகுதி தமக்கு உண்டோ என்னும் அடக்கத்தின் அடையாளம் அது. மாணாக்கனாக ஏற்கும் நாளில் ஆசான் அவன் மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டுவார். அன்று முதல் அவன் அந்தக் கரானாவைச் சேர்ந்தவன். தில்லி, அஜ்ராடா, இலக்னோ, பரூக்காபாத், பனாரஸ், பஞ்சாப் என ஆறு கரானாக்களைத் தபலா உலகம் எண்ணி வருகிறது. ஜம்முப் பகுதியில் பிறந்த அல்லா ரக்கா (1919–2000) இளமையிலேயே இல்லம் நீங்கி, லாகூர் மியான் காதிர் பக்ஷிடம் பஞ்சாப் பாணியைப் பயின்றார். உலகம் சுற்றிப் புகழ் ஈட்டிய பின்னரும் அவர் பஞ்சாப் கரானாவினர் என்றே அறியப்பட்டார். ஆசானுக்குச் செலுத்தும் நன்றி அங்கே ஒரு மரபின் பெயராகவே உறைந்துவிட்டது.

நம் தென்னாட்டு மிருதங்க உலகில் காதைத் தொடும் வழக்கம் இல்லை, ஆயினும் "இவர் யாரிடம் பயின்றவர்?" என்ற வினா எந்த அரங்கிலும் முதலில் எழுகின்றது. அழைப்பிதழிலும் விழா மலரிலும் கலைஞரின் பெயருக்கு அடுத்தபடியாக ஆசானின் பெயர் இடம்பெறுகின்றது. இது போற்றத்தக்க மரபே. எனினும் அவ்விடத்தில் பெரும்பாலும் ஒரே பெயர்தான் காணப்படுகிறது. அதுவும் புகழ்பெற்ற பெயராகவே இருக்கக் காண்கிறோம். ஒரு முழவுக் கலைஞரை உருவாக்க ஒருவர் போதுமா? போதாதெனின் மற்றையோர்க்குரிய நன்றி எங்கே போயிற்று? இவ்வினாவை எழுப்பிப் பார்க்கப் பாலக்காட்டைவிடப் பொருத்தமான மண் வேறில்லை என்பது நம் கருத்து.

தமிழர்க்கு இவ்வினா புதியதன்று. சேர நாட்டு இளவரசர் என மரபு போற்றும் இளங்கோவடிகள் தம் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில், மாதவியை உருவாக்கிய ஆசிரியர்களை வரிசையாக நிறுத்துகிறார். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வொருவரும் எவ்வெவற்றை அறிந்திருத்தல் வேண்டும் என்பது விரிவாகப் பேசப்படுகிறது. தண்ணுமை முழக்குவோன் மற்றக் கருவிகளின் குறையை நிரப்பியும் மிகையை அடக்கியும் செல்ல வேண்டும் என்ற கருத்து, இன்றைய பக்கவாத்தியக் கலைஞர்க்கும் இலக்கணமாகத் தக்கது. ஆனால் ஒன்றை நாம் கவனித்தல் வேண்டும். அரங்கேறிய மாதவிக்குப் பெயர் உண்டு, தலைக்கோல் உண்டு, ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பரிசில் உண்டு. அவளை உருவாக்கிய தண்ணுமை ஆசானுக்குத் தகுதிகள் மட்டுமே உள, பெயர் இல்லை. நன்னூலார் தம் பொதுப்பாயிரத்தில் ஆசிரியர், மாணாக்கர் இருவருடைய இயல்பையும் வகுத்துரைத்தார். ஆசானின் பெயரை மறவாமை என்பதை மாணாக்கரின் மனச்சான்றுக்கே விட்டுவிட்டது தமிழ் மரபு.

சேரர்க்கும் முழவுக்கும் உள்ள உறவும் பழமையானதே. முரசுகட்டிலில் அறியாது உறங்கிவிட்ட மோசிகீரனாரைத் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை வாளால் வெட்டாது, அருகே நின்று கவரி வீசினான் எனப் புறநானூறு காட்டும். புலவர்க்குச் செய்த சிறப்பாகவே இதனை நாம் எடுத்தோதுவது வழக்கம். முரசின் கட்டிலில் தவறி உறங்குவதே வாளுக்குரிய குற்றமாகும் அளவிற்கு அக்கருவி போற்றப்பட்டது என்பதையும் உடன் நினைக்கலாம்.

சாத்தபுரத்து ஆசான்

மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் அகலத்திற்கு வாய் திறந்து வழிவிடுகிறது. அவ்வழியே காற்று வந்தது, வாணிகம் வந்தது, தமிழ்க் குடிகளும் வந்தனர். கல்பாத்தி ஆற்றங்கரையில் விசுவநாதர் கோயில் எழுந்தது கி.பி. 1425-ஐ ஒட்டி என்பர். கோயிலைச் சுற்றி அக்கிரகாரங்கள் அமைந்தன. புதிய கல்பாத்தி, பழைய கல்பாத்தி, கோவிந்தராஜபுரம், சாத்தபுரம் என நெருங்கி நிற்கும் அத்தெருக்களில் வீட்டுமொழி தமிழ். வீதியைத் தாண்டினால் மலையாளம். 1956-இல் மொழிவழி மாநிலம் அமையும்வரை பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. ஆதலின் சென்னைக்கும் தஞ்சைக்கும் செல்வது, அன்றைய பாலக்காட்டாருக்கு நாடு கடந்து செல்வதாக இல்லை.

பாலக்காடு மணி ஐயர் பிறந்தது பாலக்காட்டு நகரத்தில் அன்று. திருவில்வாமலைக்கு அண்மையில் உள்ள பழையன்னூரில், 1912-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் சேஷம் பாகவதர் பாடகர். இராமசுவாமி என்பது பிள்ளைக்கு இட்ட பெயர். மணி என்பது நிலைத்த பெயர். சிறு வயதிலேயே அவர் கையில் மிருதங்கத்தை எடுத்து வைத்தவர் சாத்தபுரம் சுப்ப ஐயர்.

இந்தச் சுப்ப ஐயரிடத்தில் நாம் சற்றே நின்று செல்ல வேண்டும். இசை வரலாற்று நூல்களைப் புரட்டினால் அவரைப் பற்றி ஒரு வரி கிடைக்கும்: "பாலக்காடு மணி ஐயரின் முதல் ஆசான்". அந்த வரிக்கு மேல் பெரிதாக ஏதும் கிடைப்பதில்லை. அக்காலத்து அக்கிரகாரங்களில் பஜனைக்கும் கதாகாலட்சேபத்திற்கும் மிருதங்கம் இன்றியமையாதது. அவற்றுக்கு வாசித்தும், ஊர்ப் பிள்ளைகளுக்குக் கற்பித்தும் வாழ்ந்த கலைஞர் பலர். பட்டங்களோ இசைத்தட்டுகளோ அவர்களைத் தேடி வந்ததில்லை. மாணவன் பெரியவனானதால் ஆசானின் பெயர் பிழைத்தது. அப்படி ஒரு மாணவன் வாய்க்காத ஆசான்களின் பெயர்கள் ஆற்று நீரோடு போயின.

முதல் ஆசானின் பணி எத்தகையது என்பதைக் கலைஞரல்லாத நாம் எளிதில் உணர்வதில்லை. த, தி, தொம், நம் என்னும் நான்கு சொற்களில் பாடம் தொடங்கும். எந்த விரல் வலந்தலையின் எவ்விடத்தில் பட வேண்டும், பட்டவுடன் எடுக்க வேண்டுமா அழுத்த வேண்டுமா, தொப்பியில் இடக்கை எவ்வளவு தாங்க வேண்டும் என்பன அப்போதே கையில் ஊறிவிட வேண்டும். கை ஒருமுறை தவறாகப் படிந்துவிட்டால் பின்வரும் ஆசான் எத்துணைப் பெரியவராயினும் அதனைத் திருத்துவது அரிது. பின்னாளில் மணி ஐயரின் சாப்பு ஒலியையும், தொப்பியிலிருந்து அவர் எழுப்பிய கும்கியின் நாதத்தையும் அறிந்தோர் வியந்து பேசினர். அக்கையை முதலில் உருவாக்கியவர் சாத்தபுரத்துக்காரர் என்பதை அவ்வியப்பில் பலரும் மறந்தனர்.

பாடம் சொல்லாத ஆசான்

மணி ஐயரின் வாழ்வில் இரண்டாவதாக வந்தவர் அவருக்கு ஒரு சொற்கட்டுக்கூடக் கற்பித்தவர் அல்லர். ஆயினும் ஆசான் வரிசையில் வைத்தே எண்ணத்தக்கவர். அவர் செம்பை வைத்தியநாத பாகவதர் (1896–1974). பாலக்காட்டிலிருந்து சிறிது தொலைவில், கோட்டாயியை அடுத்த செம்பை ஊரினர். கணீரென்ற குரலும் அசையாத லயமும் உடையவர். அவரே 1924-ஆம் ஆண்டு சென்னை ஜகன்னாத பக்த சபையில் தம் கச்சேரிக்கு இந்தச் சிறுவனை வாசிக்க வைத்தார். மணிக்கு அப்போது வயது பன்னிரண்டு. அந்த ஒரு கச்சேரியில் சென்னை அவரைக் கண்டுகொண்டது.

மேடையில் இடம் தருவது ஒரு வகைக் கல்வி. வீட்டில் ஆயிரம் முறை சரியாக வாசித்தது, பாடுபவர் எதிர்பாராத இடத்தில் நிரவலைத் தொடங்கும்போது கைகொடுக்குமா என்பதை மேடையில் மட்டுமே அறிய முடியும். அறிந்தும் அந்த அபாயத்தைத் தம் கச்சேரியில் ஏற்றுக்கொள்ளும் பாடகர் எக்காலத்தும் சிலரே. செம்பை அச்சிலருள் முதல்வர். பழநி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடக்கைப் பழக்கமுடையவர். அவர் வாசிக்க வேண்டுமானால் மேடையில் வயலின் கலைஞரும் அவரும் இடம் மாறி அமர வேண்டும். அதற்கு உடன்படாதோர் பலர் இருந்தனர். கை மாற்றி வாசிப்பதைக் காரணமாக்கி ஒரு மேதையை ஒதுக்கி வைக்க இருந்த உலகில், செம்பை அவரை விடாது அழைத்துப் பக்கத்தில் அமர்த்தினார். இன்று பழநி பாணி என ஒன்றை நாம் பேசுகிறோம் எனில், அதில் செம்பைக்கும் பங்குண்டு.

1952-இல் பாடிக்கொண்டிருக்கையில் செம்பைக்குக் குரல் போயிற்று. மீண்டும் குரல் பெற்றபின் தம் வருவாயைக் குருவாயூருக்கே அவர் அளித்து வந்தது யாவரும் அறிந்தது. குருவாயூரப்பனுக்கு அவர் செய்த தொண்டு பெரிது என்பர், நாமும் மறுக்கவில்லை. ஆனால் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த யேசுதாஸைச் சீடராக ஏற்றுக் கற்பித்ததை அதற்கு இணையாகவேனும் வைத்துப் போற்றுதல் வேண்டும். இந்துக்கள் அல்லாதார்க்குக் குருவாயூர்க் கோயிலின் வாயில் திறப்பதில்லை; செம்பையின் வாயில் திறந்தது. ஆசான் மறைந்த பின் அவர் ஊரில் நிகழும் ஏகாதசி இசைவிழாவில் யேசுதாஸ் பல்லாண்டுகள் பாடி வந்தது அந்த வாயிலுக்குச் செலுத்திய நன்றியாகும்.

தஞ்சையும் புதுக்கோட்டையும்

சென்னையில் பெயர் பெற்றுவிட்ட சிறுவன், மீண்டும் மாணாக்கனாக ஓர் ஆசான் முன் அமர்ந்தான். மணி ஐயரின் வரலாற்றில் நம்மை மிகவும் கவர்வது இச்செய்தியே. தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் அவர் சேர்ந்தது பதினைந்து வயதை ஒட்டி. அதற்குள் பெரிய வித்துவான்களுக்கு அவர் வாசித்துவிட்டார். கைதட்டலைக் கேட்ட காது, பாடத்தைக் கேட்க மறுப்பதே உலக இயல்பு. இங்கே மறுக்கவில்லை.

தஞ்சை மிருதங்கம் மராட்டிய அரசர் ஆண்ட மண்ணில், நாராயணசுவாமி அப்பா முதலிய மராட்டியக் கலைஞர்களின் பஜனை மரபில் செழித்தது. பாட்டின் போக்கோடு இழைந்து, கீர்த்தனையின் சொல் நிற்கும் இடத்தில் தானும் நின்று, ஓடும் இடத்தில் தானும் ஓடும் இயல்புடையது. வைத்தியநாத ஐயர் அம்மரபின் சிறந்த ஆசான். திருவனந்தபுரத்துச் சிறுவனாக இருந்த டி.கே. மூர்த்தியை அழைத்துவந்து தம் இல்லத்தில் பிள்ளை போல் வைத்துக் கற்பித்தவரும் அவரே. மலையாள நாட்டிலிருந்து சென்ற இருவர் கையில் தஞ்சைப் பாணி தழைத்தது என்பதில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு, அதனை மறைப்பானேன்!

மற்றொரு ஆசான், மேடையில் பக்கத்தில் அமர்ந்தே கற்பித்தார். கஞ்சிராவுக்குக் கச்சேரி மேடையில் இடம் தேடித்தந்த புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளையின் சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை. மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் வல்லவர், 1936-இல் மறைந்தார். கணக்கு வழியில் அமைந்த கோர்வைகளும், எதிர்பாராத இடத்தில் தொடங்கிச் சமத்தில் வந்து விழும் முடிவுகளும் புதுக்கோட்டைப் பாணியின் சிறப்பு. அவரோடு பல மேடைகளில் அமர்ந்த இளைஞர் மணி, அக்கணக்கைக் காதால் கற்றார். தஞ்சையின் இழைவும் புதுக்கோட்டையின் கணக்கும் ஒரே கையில் கூடின. மாமுண்டியா பிள்ளையின் மரபிலேயே வந்த பழநி சுப்பிரமணிய பிள்ளை, மணி ஐயரின் மிருதங்கத்துக்குக் கஞ்சிரா வாசித்த அரங்குகளும் உண்டு. போட்டியாளர் என உலகம் பேசிய இருவர் ஒரே மேடையில் அமர்ந்தது, ஒரு மரபுக்கு மற்றொரு மரபு செய்த மரியாதை என்றே நாம் கொள்கிறோம்.

இப்போது கணக்கிட்டுப் பார்ப்போம். கையைத் தந்தவர் சாத்தபுரத்தார். மேடையைத் தந்தவர் செம்பையார். நடையைத் தந்தவர் தஞ்சையார். கணக்கைத் தந்தவர் புதுக்கோட்டையார். இந்நால்வருள் ஒருவரை மட்டும் அழைப்பிதழில் எழுதினால் மற்ற மூவர்க்கும் நாம் கடன்பட்டவராவோம். உமையாள்புரம் சிவராமன் தம் ஆசான்களாக ஆறுபாதி நடேச ஐயர், தஞ்சாவூர் வைத்தியநாத ஐயர், பாலக்காடு மணி ஐயர், கும்பகோணம் ரங்கு ஐயங்கார் என நால்வரையும் குறிப்பிடுகிறார். இதுவே முறை. இளங்கலைஞர் சிலர் ஊரில் அரிச்சுவடி கற்பித்தவரை விட்டுவிட்டு, நகரத்தில் ஆறு மாதம் கேட்ட பெரியவரை மட்டும் சொல்லிக்கொள்ளும் வழக்கம் நமக்கு உவப்பாக இல்லை.

திருவில்வாமலையின் மத்தளம்

மணி ஐயர் பிறந்த வட்டாரத்திலேயே, அவருக்கு முன் பிறந்த மற்றொரு தமிழர் வேறொரு வழியில் சென்றார். திருவில்வாமலை வெங்கிச்சன் சுவாமி தமிழ் அந்தணர். அவர் கையில் எடுத்தது மிருதங்கமன்று. கேரளக் கோயில்களின் மத்தளம். மிருதங்கம் போலவே பலா மரத்தில் குடைந்து, வாரால் இறுக்கியது; ஆனால் உருவில் பெரியது, எடையும் மிகுந்தது. இடுப்பில் கட்டிக்கொண்டு, நின்றபடியே நாழிகைக் கணக்கில் வாசிக்க வேண்டும். வலக்கை விரல்களில் துணிச் சுற்றிட்டு, அரிசிப்பசையும் சுண்ணாம்பும் சேர்த்து இறுக வைத்து வாசிப்பர். திமிலை, மத்தளம், இடைக்கை, இலைத்தாளம், கொம்பு என்னும் ஐந்தும் சேர்ந்த பஞ்சவாத்தியம் இன்று நாம் கேட்கும் ஒழுங்குபட்ட வடிவத்தைப் பெற்றதில் அவருக்கும் அன்னமனடை அச்சுத மாராருக்கும் பெரும் பங்குண்டு. வள்ளத்தோள் முதலியோர் 1930-இல் நிறுவிய கலாமண்டலத்தில் வெங்கிச்சன் சுவாமி மத்தள ஆசானாக இருந்தார். அவரிடம் பயின்றவர் கலாமண்டலம் அப்புக்குட்டிப் பொதுவாள்.

தமிழர் ஒருவர் மலையாள நாட்டின் கருவியைக் கற்று, அந்நாட்டார்க்கே அதனைக் கற்பித்தார். பாலக்காட்டுச் சீமையின் மற்றொரு தமிழர் தஞ்சையின் கருவியைக் கற்று, தஞ்சையார்க்கே வழிகாட்டினார். ஆற்றின் இரு கரையிலும் நீர் இறைத்தவர்கள் இவர்கள். பாலக்காட்டுத் தமிழர் எந்தப் பக்கத்தார் என்று அவ்வப்போது எழும் வீண் வாதத்துக்கு இதற்குமேல் விடை தேவையில்லை. மேலும், செண்டையும் மத்தளமும் விடிய விடிய முழங்கும் பூரங்களுக்கு நடுவில் வளர்ந்த காது, லயத்தை வேறு எவரும் அறியாத வகையில் அறியும். அம்முழக்கமும் ஓர் ஆசானே.

கடன் தீர்த்த விதம்

ஆசானுக்கு நன்றி செலுத்துவது ஆசானிடமே அன்று. அடுத்து வருபவரிடம் என்பது மணி ஐயரின் வாழ்வில் தெளிவாகிறது. பாலக்காட்டுப் பிள்ளை கே.வி. நாராயணசுவாமிக்குத் தாமே உறுதுணையாக இருந்து, 1940-களின் தொடக்கத்தில் அவரை அரியக்குடி இராமானுஜ ஐயங்காரிடம் சேர்ப்பித்தவர் மணி ஐயர். செம்பை தமக்குச் செய்ததை அவர் நாராயணசுவாமிக்குச் செய்தார். 1965-இல் எடின்பரோ விழாவில் நாராயணசுவாமி பாட, மணி ஐயர் வாசித்தார். அரங்கில் இருந்தோர் இருபெருங் கலைஞரைக் கண்டனர். நாம் அவ்விருவர்க்கும் பின்னால் செம்பையையும் காண்கிறோம்.

ரங்கூனில் 1928-இல் பிறந்து, பாலக்காட்டைப் பூர்விகமாகக் கொண்ட இரகு, தின்னியம் வெங்கடராம ஐயரிடம் தொடங்கி மணி ஐயரிடம் நிறைவு பெற்றார். 1968-இல் ரவிசங்கர் அமெரிக்காவில் அமைத்த இந்திய இசைக்குழுவில் அல்லா ரக்காவின் தபலாவும் பாலக்காடு இரகுவின் மிருதங்கமும் ஒருங்கே இருந்தன. பஞ்சாப் கரானாவும் பாலக்காட்டுக் கையும் அங்கே சந்தித்தன. இரகு 2009-இல் மறையும் வரை கற்பித்தார்.

மணி ஐயர்க்கு 1956-இல் சங்கீத நாடக அகாதெமி விருதும், 1966-இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதிப் பட்டமும், 1971-இல் பத்மபூஷணும் கிடைத்தன. மிருதங்கக் கலைஞர் ஒருவர் சங்கீத கலாநிதி ஆனது அதுவே முதன்முறை. அதுவரை மிருதங்கம் பக்கத்திலேயே இருந்தது. அவர் தம் இறுதிக் காலத்தில் மதனப்பள்ளியை அடுத்த ரிஷிவேலிப் பள்ளியில் சிறுவர்க்கு மிருதங்கம் கற்பித்தார். பெரும்புகழ் பெற்றவர் சுப்ப ஐயரின் இடத்திற்கே திரும்பி, சிறுவர் கைகளில் த, தி, தொம், நம் என எடுத்து வைத்தார். 1981-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் மறைந்தார்.

பெயர் எழுதப்படாதோர்

இவ்வரலாற்றில் இன்னும் ஒருவரைச் சொல்லாமல் நாம் எழுந்துவிட முடியாது. மணி ஐயர் தஞ்சையில் வாழ்ந்த காலந்தொட்டுப் பல்லாண்டுகள் அவருக்கு மிருதங்கம் செய்தும் தோல் மாற்றியும் தந்தவர் பர்லாந்து. தஞ்சையில் மிருதங்கம் செய்வதையே தொழிலாகக் கொண்ட செபஸ்தியான் குடும்ப மரபில் வந்த தலித் கிறித்தவர். டி.எம். கிருஷ்ணா 2020-இல் வெளியிட்ட நூல் இக்குடும்பத்தாரின் வரலாற்றையே பொருளாகக் கொண்டது. அதற்கு முன் இசை நூல்களில் இவர்களைப் பற்றித் தேடினால் கிடைப்பது சொற்பம்.

மிருதங்கம் எவ்வாறு ஆகிறது என்பதை நினைத்துப் பார்ப்போம். பலாக்கட்டையைக் கடைந்து குடைய வேண்டும். பசு, ஆடு, எருமை ஆகிய மூன்றன் தோலும் அதற்கு வேண்டும். தோலைத் தேர்ந்து, உலர்த்தி, மயிர் நீக்கி, தடிப்பைச் சீர்செய்து, வளையமாக அறுத்து, வாரால் பின்னி, கட்டையில் இறுக்க வேண்டும். பின்னர் வலந்தலையின் நடுவே கிட்டக் கல்லின் பொடியைச் சோற்றுடன் பிசைந்து, அடுக்கடுக்காகத் தேய்த்துத் தேய்த்துக் கரணை இட வேண்டும். ஓர் அடுக்கு மிகுந்தால் நாதம் மங்கும். குறைந்தால் சுருதி நில்லாது. இதனைச் செய்பவர் ஒவ்வோர் அடுக்கிலும் தட்டிப் பார்த்துச் செவியால் அளக்கிறார். அந்தச் செவி வித்துவானின் செவிக்குச் சிறிதும் குறைந்ததன்று. மணி ஐயர் தமக்கு வேண்டிய நாதத்தை வாயால் சொல்ல, பர்லாந்து அதனைத் தோலில் தேடித் தந்தார். சரிவராதபோது மீண்டும் பிரித்தார்; மீண்டும் கட்டினார். மணி ஐயரின் கும்கியை வியக்கிறோம் என்றால் அவ்வியப்பில் ஒரு பாதி பர்லாந்துக்குரியது என்று சொல்வதில் நமக்குத் தயக்கமில்லை.

ஆயினும் விழா மேடையில் கருவி செய்தவரை அழைத்துப் பொன்னாடை போர்த்தும் வழக்கம் நெடுங்காலம் இல்லை. தோலைத் தொடுவது இழிவு, தோலிலிருந்து எழும் ஒலியைக் கேட்பது புண்ணியம் என்று ஒரு சமூகம் நம்பியது. நந்தி வாசித்தது எனத் தேவ வாத்தியத்தைப் போற்றியவர்கள், அத்தேவ வாத்தியத்தில் இருப்பது எந்த விலங்கின் தோல், அதனை உரித்தவர் யார், பதப்படுத்தியவர் யார் எனக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆசான் வரிசை நீண்டிருக்கும்.

தேவிகுளம், பீர்மேட்டு மலைகளில் வாழும் தமிழரும் ஈண்டு நினைவுக்கு வருகின்றனர். 1972-இல் இடுக்கி மாவட்டம் அமைவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே, மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு வேலைக்குச் சென்றவர்கள் அவர்கள். கையில் வேறேதும் கொண்டு செல்ல இயலாதவர்கள் தப்பையும் பறையையும் கொண்டு சென்றனர். மாரியம்மன் திருவிழாவிலும் இழவு வீட்டிலும் அக்கருவிகள் அடிக்கும் அடிக்கு முறையும் கணக்கும் உண்டு. தீயில் தோலைக் காய்ச்சிச் சுருதி ஏற்றும் நுட்பம் உண்டு. தந்தை மகனுக்குக் கைபிடித்துக் கற்பித்த மரபும் உண்டு. அந்த ஆசான்களுள் ஒருவர் பெயரேனும் எந்த விழா மலரிலும் அச்சேறியதாக நாம் கண்டதில்லை. சாத்தபுரத்தாருக்குக் கிடைத்த ஒரு வரிகூட இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

பாலக்காட்டு நகருக்கு அண்மையில் பெருவெம்பு என்னும் சிற்றூர் உள்ளது. மிருதங்கமும் மத்தளமும் செண்டையும் தபலாவும் அங்கே பரம்பரைக் கைவினைக் குடும்பங்களில் செய்யப்படுகின்றன. தென்னாட்டுக் கச்சேரிக்கும், கேரளக் கோயிலுக்கும், வடநாட்டு இசைக்கும் உரிய கருவிகள் ஒரே திண்ணையில் உலர்கின்றன. கரணை இட்டு முடித்த மிருதங்கத்தைத் தந்தை விரலால் ஒருமுறை தட்டுகிறார். அருகில் அமர்ந்த மகன், சுருதி சேர்ந்ததா இல்லையா எனத் தலையசைக்கிறான். சேரவில்லை எனில் தந்தை மீண்டும் கல்லை எடுத்துத் தேய்க்கத் தொடங்குகிறார்.